'மழை பொய்த்தது' என்று செய்தியில் எழுதலாமா? பொய் என்ற சொல்லின் பொருளும் வேரும்

மேசைவிளக்கு (திருச்சி)

வணக்கம். நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் வேலை பார்க்கிறேன். நேற்று ராத்திரி ஒரு சின்னத் தகராறு. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கடைமடைப் பகுதியிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'பருவமழை பொய்த்ததால் நேரடி விதைப்புப் பயிர் கருகியது' என்று தலைப்பு வைத்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் 'பொய்த்ததால்' என்பதை அடித்துவிட்டு 'பெய்யாததால்' என்று போட்டுவிட்டார். கேட்டால், "மழை எப்படிண்ணே பொய் சொல்லும்? கவிதைக்குச் சரி, செய்திக்கு ஆகாது" என்கிறார்.

அவர் கேட்டதில் தப்பு இல்லை. இருபது வருடமாக இந்தச் சொல்லைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் சட்டென்று பதில் வரவில்லை. பக்கம் அச்சுக்குப் போகும் நேரம் வேறு. 'பெய்யாததால்' என்றே போய்விட்டது.

காலையிலிருந்து மனசு ஆறவில்லை. பொய் என்பது வாயால் சொல்வது மட்டும்தானா? மழைக்கும் கனவுக்கும் கணிப்புக்கும் 'பொய்த்தது' என்கிறோமே, அது மனிதர் பேச்சிலிருந்து ஏற்றிச் சொன்ன உருவகமா, இல்லை சொல்லின் சொந்தப் பொருளே அதுதானா? உருவகம்தான் என்றால் தம்பி திருத்தியது சரி. இல்லையென்றால் அவருக்கு ஆதாரத்தோடு சொல்ல வேண்டும்.

கரந்தை வாத்தியார் (தஞ்சாவூர்)

உருவகம் இல்லை ஐயா. நமக்குக் கிடைத்திருக்கும் பழைய நூல்களிலேயே மழைக்கும் ஆற்றுக்கும் இந்த வினை சகஜமாக வருகிறது. பட்டினப்பாலையின் தொடக்கத்தைப் பாருங்கள்: 'வான்பொய்ப்பினும் தான்பொய்யா மலைத்தலைய கடற்காவிரி'. வானம் பொய்த்தாலும் தான் பொய்க்காத காவிரி. ஒரே மூச்சில் இரண்டு தடவை. இரண்டிலும் பேச்சு என்பதே கிடையாது.

கவிதைக்குத்தான் சரி என்று உங்கள் தம்பி சொன்னாரே, அவருக்குப் புறநானூறு 35-ஐக் காட்டுங்கள். வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் பாடியது. 'மாரி பொய்ப்பினும் வாரி குன்றினும்' என்று அடுக்கி, என்ன நேர்ந்தாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்கிறார். அந்தப் பாட்டு எதற்காகப் பாடப்பட்டது? நிலத்துக்கு நிலுவையில் நின்ற வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி. பாடி, தள்ளுபடியும் வாங்கிவிட்டார். பாட்டு என்றாலும் அது ஒரு வரி மனு. மழை பொய்ப்பது அங்கே அலங்காரம் இல்லை, வழக்கின் ஆதாரம்.

குறள் 13-உம் அப்படித்தான்: 'விண்இன்று பொய்ப்பின் விரிநீர் வியனுலகத்து உள்நின்று உடற்றும் பசி'. வேண்டிய காலத்தில் பெய்யாமல் போவதையே பரிமேலழகர் இங்கே பொய்த்தல் என்று கொள்கிறார். வேண்டிய காலம் என்பதை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இன்னொன்று. இப்போது நாம் பொய்யோடு 'சொல்' சேர்க்காமல் பேசுவதில்லை. பொய் சொன்னான், பொய் பேசினான். பழைய தமிழில் அது தேவையே இல்லை. 'தன்நெஞ் சறிவது பொய்யற்க' (குறள் 293). நெஞ்சு அறிந்ததைப் பொய்க்காதே, அவ்வளவுதான். வாய் அங்கே வரவே இல்லை. 'பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்'. சொல்லாமல் மௌனமாக இருந்தும் ஒருவன் நெஞ்சறிந்ததைப் பொய்த்துவிடலாம் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

சேலத்துப் பையன்

நான் வேறு மாதிரி கேள்விப்பட்டிருக்கிறேன். போ என்ற சொல்லிலிருந்து போய், போய் குறுகிப் பொய். மழை போய்விட்டது என்பதுதான் மழை பொய்த்தது ஆனது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு வந்தது. அதே பதிவில், 'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு' என்ற பழமொழியும் முதலில் 'ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி' என்று இருந்ததாகப் போட்டிருந்தார்கள். இது சரியா?

ஜெயநகர் தமிழச்சி (பெங்களூரு)

தம்பி, அந்தப் பதிவு எனக்கும் வந்தது. மொழியியல் படித்தவள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொய், போய் என்ற இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்ததா என்று பார்க்கத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தீராது. பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். நான் இருக்கும் ஊரில் அதற்கு வசதி உண்டு.

கன்னடத்தில் பழைய 'ப' பல சொற்களில் 'ஹ' ஆகிவிட்டது. பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பூ ஹூவு. பொய்க்குப் பழங்கன்னடத்தில் புசி, இப்போது ஹுசி. 12-ஆம் நூற்றாண்டில் பசவண்ணர் சொன்ன வசனம் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்: 'களபேட, கொலபேட, ஹுசிய நுடியலு பேட'. திருடாதே, கொல்லாதே, பொய் பேசாதே.

நம்முடைய யகரம் அங்கே சகரமாக எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நாமே உயிரை உசிரு என்றும், முயலை மொசலு என்றும், உயரத்தை ஒசரம் என்றும் சொல்கிறோமே. கன்னடத்திலும் உயிருக்கு உசிரு, பெயருக்கு ஹெசரு. அதே வரிசையில்தான் பொய்க்கு ஹுசி. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியிலும் (முதல் பதிப்பு 1961, இரண்டாவது 1984) தமிழ்ப் பொய்யும் கன்னடப் புசியும் ஒரே பதிவில்தான் இருக்கின்றன.

இப்போது போய்க்கு வாருங்கள். அதற்குக் கன்னடத்தில் ஹோகி. நெடில் நெடிலாகவே இருக்கிறது, நடுவில் ககரம் வருகிறது. ஹோகி ஒரு சொல், ஹுசி வேறு சொல். தமிழில் இரண்டும் ஒன்றுபோல் காதில் விழுவது தற்செயல். தமிழுக்குள்ளேயே பார்த்தாலும் போ என்பதன் எச்சம் போய், பொய் என்ற வினையின் எச்சம் பொய்த்து. குறுகவும் இல்லை, நீளவும் இல்லை.

கல்யாணப் பழமொழியைப் பொறுத்தவரை, பொய் என்ற சொல் வந்துவிட்டதே என்று கூச்சப்பட்டு யாரோ நல்ல எண்ணத்தில் திருத்திய விளக்கம்தான் அது என்பது என் கருத்து. 'பேருக்கு' என்ற சொல்லைப் புதிதாகச் சேர்த்தால்தான் அந்த விளக்கமே நிற்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டில் இரண்டு தரப்பும் பேசுவதைக் கேட்டவர்களுக்குப் பழமொழி எதைச் சொல்கிறது என்று தெரியும்.

சேலத்துப் பையன்

புரிந்தது அக்கா. உசிரு, ஒசரம் எல்லாம் கொச்சை என்று நினைத்திருந்தேன். அதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் பெங்களூரில் என் அறைத்தோழன் 'சுள்ளு' என்றுதானே சொல்வான்?

ஜெயநகர் தமிழச்சி (பெங்களூரு)

ஆமாம், வாயால் சொல்லும் பொய்க்கு இங்கே புழக்கத்தில் இருப்பது சுள்ளுதான். ஹுசி ஒதுங்கிவிட்டது. ஆனால் ஒதுங்கிய இடத்தைப் பாருங்கள். யாராவது தொலைபேசியில் வெடிகுண்டு மிரட்டல் விட்டு, போலீசார் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்றால், மறுநாள் கன்னடப் பத்திரிகையில் 'ஹுசி பாம்ப் கரெ' என்று வரும். செல்லமாகக் கோபித்துக்கொள்வது ஹுசிமுனிசு. உதட்டோரம் வந்து மறையும் சிரிப்பு ஹுசிநகு. உள்ளே சரக்கு இல்லாத எல்லாவற்றுக்கும் ஹுசி. பேச்சைச் சுள்ளு எடுத்துக்கொண்டது, மிச்சமெல்லாம் ஹுசியிடம் இருக்கிறது.

நிளைக்கரை (பாலக்காடு)

மலையாளத்திலும் கிட்டத்தட்ட அதே கதை. அன்றாடப் பேச்சில் நுண, கள்ளம் இரண்டும்தான். பொய் சேர்ந்த சொற்களில் பொய்முகம் என்றால் முகமூடி. பொய்க்கால் என்றால் கட்டைக்கால்.

தெலுங்கில் பொய்க்கு அபத்தம் என்பார்கள். கட்டுப்படாதது, ஒன்றோடொன்று ஒட்டாதது என்று பொருள்படும் வடசொல். அதே சொல் தமிழுக்கு வந்தபோது உளறலைக் குறிக்கிறது. விஜயவாடாவில் ஒரு கூட்டத்தில் 'இது அபத்தம்' என்று தமிழ் நினைப்பில் சொல்லிவிட்டேன். எதிரே இருந்தவர் முகம் சிவந்துவிட்டது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொன்னதாக ஆகிவிட்டது.

கரந்தை வாத்தியார் (தஞ்சாவூர்)

அம்மா சொன்ன 'உள்ளே சரக்கு இல்லாதது' என்பதை அப்படியே பிடித்துக்கொள்கிறேன். என் வாதமும் அதுதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் பொய் என்ற தலைச்சொல்லின் கீழே மரப்பொந்து என்றும் ஒரு பொருள் இருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தச் சொல் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. வெளியே பட்டை, கிளை, இலை எல்லாம் இருக்கிறது. தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம். பொள்ளல், பொத்தல், பொந்து, பொக்கை எல்லாம் ஒரே பக்கம் நிற்கும் சொற்கள். பல் போன வாயைப் பொக்கைவாய் என்கிறோம்.

குறள் 292-ஐ இந்தக் கண்ணோடு படியுங்கள். 'பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்'. புரை என்றால் குற்றம் என்று உரை எழுதுகிறோம். ஆனால் புரை என்றால் உள்துளையும்தான். புண் புரையோடிவிட்டது என்கிறோமே, மேலே ஆறியதுபோல இருக்கும், உள்ளே குழல்போலத் துளை ஓடியிருக்கும். உள்துளை இல்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தகும் என்று படித்தால், அந்தக் குறளுக்குள் பொய்யும் புரையும் எதிரெதிரே நின்று பேசிக்கொள்வது கேட்கும்.

எதிர்ப்பக்கம் இருக்கும் மெய்யையும் பாருங்கள். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. தொட்டால் கைக்குத் தட்டுப்படுவது. உண்மை என்பதும் உள் என்ற வேர்தான், இருத்தல் என்று பொருள். உள்ளத்தில் இருந்தால் உண்மை, வாயில் வந்தால் வாய்மை, மெய்யில் நடந்தால் மெய்ம்மை என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். நானும் 30 வருடம் சொல்லிக்கொடுத்தேன். நினைவில் வைக்க நல்லது, ஆனால் சொற்பிறப்பு அது இல்லை. 'பிரிவோ ரிடத்துண்மை யான்' என்கிறது குறள் 1153. பிரிவு என்பது ஓரிடத்தில் இருப்பதால் என்று பொருள். அங்கே உள்ளத்துக்கும் வேலை இல்லை, சத்தியத்துக்கும் வேலை இல்லை. இருப்பது உண்மை. அப்படியானால் இருப்பதுபோல் தோன்றி இல்லாமல் இருப்பது பொய்.

எங்கள் ஊர்ப் பொய்க்கால் குதிரை ஆட்டத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மூங்கிலும் காகிதமும் துணியுமாகக் குதிரை உடம்பு. முதுகுப் பக்கம் ஆள் நுழைய ஓட்டை. ராஜாவும் ராணியுமாக இரண்டு பேர் அதற்குள் இடுப்பு வரை இறங்கி, தோளில் மாட்டிக்கொண்டு, காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். கட்டைக்கால் தரையில் படும் சத்தம் குளம்புச் சத்தம்போலவே கேட்கும். சிலப்பதிகாரத்தில் மாயவள் ஆடியதாக வரும் ஆட்டத்துக்கு மரக்கால் என்று பெயர். இங்கே பெயர் பொய்க்கால். அந்தப் 'பொய்'யில் யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை பாருங்கள். பொய்த்தூக்கம், பொய்க்கோபம் எல்லாமே அப்படித்தான்.

ஜெயநகர் தமிழச்சி (பெங்களூரு)

ஐயா, பொய்க்கால் குதிரையைப் படித்ததும் சின்ன வயதுக்குப் போய்விட்டேன். ஆனால் ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, சொல்லிவிடுகிறேன்.

பொள்ளல், பொத்தல், பொந்து, பொக்கை எல்லாம் 'பொ'வில் தொடங்குகின்றன, எல்லாவற்றிலும் ஓட்டை இருக்கிறது. உண்மை. அதனால் பொய்யும் அவற்றோடு பிறந்ததுதான் என்று முடிவுகட்ட அது போதாது. படிக்கிற கல்லும் உடைக்கிற கல்லும் ஒலியில் ஒன்று, வேரில் வேறு. அகராதி ஒரே தலைச்சொல்லின் கீழ் மரப்பொந்தையும் பொய்மையையும் வைத்திருப்பதற்கு, அவை ஒரே சொல்லாக இருப்பதும் காரணமாகலாம், ஒரே ஒலியுள்ள இரண்டு சொற்களாக இருப்பதும் காரணமாகலாம். பொள்ளலில் இருக்கும் ளகரம் பொய்யின் யகரமாவதற்கு உயிர்–உசிரு போல உறுதியான வரிசை ஒன்றைக் காட்டினால் நான் ஒப்புக்கொள்வேன்.

எனக்கு உறுதியாகத் தெரிவது புழக்கம். தமிழில் வானம் பொய்க்கும், கன்னடத்தில் கோபம் ஹுசியாகும், மலையாளத்தில் முகம் பொய்யாகும். மூன்று மொழியிலும் வாய்க்கு வெளியே இந்தச் சொல்லுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது. பேச்சு அதன் ஒரு பகுதி மட்டும்தான் என்று சொல்ல எனக்கு இதுவே போதும்.

கரந்தை வாத்தியார் (தஞ்சாவூர்)

சரி அம்மா, வரிசையைத் தேடுகிறேன். கிடைத்தால் இங்கேயே போடுகிறேன். பொந்தை மட்டும் இப்போதைக்குக் கையில் வைத்துக்கொள்கிறேன், விட மனசில்லை.

கொக்குவில் வாசகி (யாழ்ப்பாணம்)

வாத்தியார் ஐயா எழுதின புறநானூற்று அடியில் 'மாரி' என்று வருகுதே, எங்கட பக்கம் அது இன்றைக்கும் வாயில் இருக்கிற சொல். மழைக்காலம் என்பதை நாங்கள் மாரிகாலம் என்றுதான் சொல்வோம். பெரிய ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு. கிணறும் குளமும்தான் சொத்து. மாரி பொய்த்தால் அடுத்த ஆவணி வரைக்கும் கிணற்றடியில் தெரியும்.

பொய்க்கு எங்கட ஊரில் கூடப்பிறந்த சொல் புழுகு. தமிழ்நாட்டில் புளுகு என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். 'சும்மா புழுகாதை' என்று அம்மம்மா அதட்டுவா. ஆனால் பொய்யும் புழுகும் ஒன்றில்லை. இருப்பதைப் பெருப்பித்துச் சொன்னால் புழுகு. மீன் ஒரு முழம் என்றால் மூன்று முழம் என்பது. அதில் மீன் இருக்கு, அளவுதான் பிழை. பொய் என்றால் மீனே இல்லை. மழை புழுகிவிட்டது என்று ஒருவரும் சொல்லமாட்டினம், பொய்த்துவிட்டது என்றுதான் சொல்லுவினம். அண்ணை கேட்ட கேள்விக்கு இது உதவுமோ தெரியாது.

மேசைவிளக்கு (திருச்சி)

நன்றாக உதவும் அம்மா. இதை நான் யோசித்ததே இல்லை. ரீல், கப்சா, உடான்ஸ், கயிறு திரிப்பது, சரடு விடுவது, அளப்பது என்று சென்னைப் பக்கம் எத்தனை சொல் இருக்கிறது. எதையும் மழைக்குப் போட முடியாது. அவை எல்லாவற்றுக்கும் ஒரு வாய் வேண்டும், கேட்க ஒரு ஆளும் வேண்டும். பொய்க்கு மட்டும் வேண்டாம்.

வைகைக்கரை (மதுரை)

பட்டினப்பாலை காவிரியைச் சொன்னது. எங்கள் ஆற்றுக்கும் அந்தச் சொல் உண்டு. சிலப்பதிகாரம் புறஞ்சேரி இறுத்த காதையில் 'வையை என்ற பொய்யாக் குலக்கொடி' என்று வருகிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையப் போகிறார்கள். கண்ணகிக்கு நேரப்போவது ஆற்றுக்குத் தெரிந்துவிட்டதாம். பூவையெல்லாம் ஆடையாகப் போர்த்துக்கொண்டு, கண்ணில் நிறைந்த நீரை மறைத்துக்கொண்டு ஓடியது என்கிறார் இளங்கோ. அந்த இருவரும் அதைப் பூவோடுகிற ஆறு என்று நினைத்துத் தொழுகிறார்கள்.

நான் தினமும் ஏ.வி. பாலத்தில் வண்டியில் போகிறவன். 1889-இல் திறந்த பாலம். கீழே பார்த்தால் வருஷத்தில் பல மாதம் மணலும் புதரும் சாக்கடை ஓரமாக ஓடும் ஒரு கோடும்தான். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் அன்றைக்கு ஊரே திரண்டு நின்று பார்க்கும். பொய்யாக் குலக்கொடி என்ற தொடரைப் பாலத்தில் போகும்போது நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 'வறண்ட வைகை' என்று உங்கள் பத்திரிகைகளில் போடுகிறீர்கள். எனக்கு அது பொய்த்த வைகை.

நடவுக்காரன் (மன்னார்குடி பக்கம்)

எல்லாரும் பெரிய பெரிய விஷயமாக எழுதுகிறீர்கள். நான் வயலில் நிற்கிறவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலைப்பை மாற்றிய தம்பிக்கு முதலில் ஒன்று. பெய்யவில்லை என்பதும் பொய்த்தது என்பதும் ஒன்றே இல்லை. மாசியில் மழை வராவிட்டால் எங்கள் ஊரில் யாராவது மழை பொய்த்துவிட்டது என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? சொல்லமாட்டார்கள். அப்போது மழையை யாரும் எதிர்பார்க்கவே இல்லை, அதனால் அது பொய்க்கவும் முடியாது. ஐப்பசியில் வரவில்லை என்றால்தான் பொய்த்தது. அதை நம்பி விதைத்திருக்கிறோம், நகையை வைத்து உழவுக்கூலி கொடுத்திருக்கிறோம், பிறகு அது வரவில்லை. வாத்தியார் ஐயா முதலில் 'வேண்டிய காலம்' என்று சொல்லிவிட்டு, பிறகு வருகிறேன் என்று விட்டுவிட்டார். அதுதான் இது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு ஜனவரியில் அரசாங்கம் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருஷம் நாங்கள் நேரடி விதைப்பு. நாற்று விட ஆற்றில் தண்ணீர் இல்லை, மழையை நம்பிப் புழுதியில் தெளித்துவிட்டோம். ஒரு தூறலில் முளைத்தது. ஒரு சாண் உயரம் வந்தது. அப்புறம் கார்த்திகை முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. தரை வெடித்து, வெடிப்புக்குள் கை நுழைந்தது. அப்பா ஒரு நாள் சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். "மழை வரலை" என்று அவர் சொல்லவில்லை. "பொய்ச்சிடுச்சுடா" என்றார். துணைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன ஆளைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அடுத்த நாள் மாட்டை அவிழ்த்து வயலில் விட்டுவிட்டோம்.

மழை வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை என்பது சரிதான். ஆனால் வருஷா வருஷம் அதே மாசத்தில் வந்து நின்றால், அது வாக்குக் கொடுத்த மாதிரிதானே?

ஜெயநகர் தமிழச்சி (பெங்களூரு)

அண்ணே, நான் இரண்டு நாளாக ஒலி மாற்றத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பொருளை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நம்பிய இடத்தில் நிறையாமல் போவது. மழை, கணிப்பு, கனவு, சாட்சி எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. புகார் நகரத்து நாற்சந்தியான பூதசதுக்கத்தில் இருந்த பூதம் யார் யாரைப் பிடித்து அடிக்கும் என்று சிலப்பதிகாரம் ஒரு பட்டியல் போடுமே, அதில் பொய்க்கரியாளர் என்று ஒரு கூட்டம் உண்டு. கரி என்றால் சாட்சி. ஊரே நம்பிக் கூண்டில் ஏற்றிய ஆள்.

கரந்தை வாத்தியார் (தஞ்சாவூர்)

மணிமேகலையில் வள்ளுவரைப் 'பொய்யில் புலவன்' என்று சொல்லும் இடம் நினைவுக்கு வருகிறது. 'பெய்யெனப் பெய்யும்' மழையைப் பற்றிய குறளை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அந்த அடைமொழி வருகிறது. பொய் பேசாத புலவன் என்றுதான் இத்தனை நாள் பொருள் சொன்னேன். நம்பினால் கைவிடாத சொல்லை உடையவன் என்றும் படிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. 'பொய்யா விளக்கே விளக்கு' என்பதையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

சேலத்துப் பையன்

நடவுக்கார அண்ணே, ஒரு சந்தேகம். உள்ளே அரிசி இல்லாத நெல்லையும் பொய் என்று சொல்வீர்களா? வாத்தியார் ஐயா சொன்ன பொந்துக்கு அது பொருந்துமே.

நடவுக்காரன் (மன்னார்குடி பக்கம்)

இல்லை தம்பி. ஆசைக்காக இல்லாததைச் சொல்லக் கூடாது. காலியான நெல்லுக்குப் பதர், பாதி நிறைந்ததற்குக் கருக்காய். வயலே அப்படிப் போனால் சாவி. பொய் என்று நெல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. விளைச்சல் பொய்த்தது என்பார்கள், அது மொத்தத்தையும் சேர்த்துச் சொல்வது.

ஆனால் பார்வைக்கு நீ சொல்வதுபோலத்தான் இருக்கும். குருத்துப்பூச்சி தண்டைக் குடைந்துவிட்டால் கதிர் வெள்ளையாக வரும். வெண்கதிர் என்போம். தூரத்தில் பார்க்கிறவனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும், நன்றாக நிமிர்ந்து நிற்கும். மணி பிடித்த கதிர் எல்லாம் தலை சாய்ந்திருக்கும். நெல்லை நகத்தில் வைத்து நசுக்கினால் பால் வர வேண்டும். வெண்கதிரில் நசுக்கினால் உமி மட்டும் டப்பென்று உடையும்.

மேசைவிளக்கு (திருச்சி)

எல்லாருக்கும் நன்றி. இழை முழுவதையும் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மன்னார்குடி அண்ணன் பதிவை இரண்டு தடவை படித்தார். "மாசியில பொய்க்காது, ஐப்பசியிலதான் பொய்க்கும். இதை நடைக் கையேட்டில சேர்த்துடலாமாண்ணே?" என்று கேட்டார். எங்கள் மேசையில் எந்தச் சொல்லை எங்கே போடுவது என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அவரே எழுதட்டும் என்று கொடுத்துவிட்டேன். எழுதியிருப்பது இது: 'பொய்த்தது — பருவத்தில் எதிர்பார்த்த மழை வராதபோது மட்டும். கோடையில் பெய்யவில்லை என்றால் பெய்யவில்லை.'

வைகைக்கரை நண்பருக்கு: பொய்த்த வைகை என்ற தலைப்பை நான் எடுத்துக்கொள்கிறேன், உங்கள் அனுமதியோடு.

வைகைக்கரை (மதுரை)

தாராளமாக. ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்து, அதைப் போட வேண்டிய தேவையே வராமல் இருந்தால் இன்னும் சந்தோஷம்.

நடவுக்காரன் (மன்னார்குடி பக்கம்)

தம்பி எழுதியது சரியாக இருக்கிறது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், தலையை ஆட்டினார்.

குறுவைக்கு நாளைக் காலையில் விதை தேர்வு செய்கிறோம். அண்டாத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வருவோம். கோழிமுட்டையைப் போட்டால் அது மிதந்து, எட்டணா அகலத்துக்கு மேலே தலை தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மேலே வந்துவிடும். அள்ளிப் போட்டுவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி எடுப்போம். சேலத்துத் தம்பி கேட்டதற்காக மிதப்பதைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.